விடைக்கு முன்னால் நடப்பது

2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை அடுத்தடுத்து இரண்டு முடிவுகளை எடுத்தது. பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பெயர்களை இனி அறிவிப்பதில்லை என்பது ஒன்று. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்துவது என்பது மற்றொன்று. முதல் மதிப்பெண்ணுக்கான போட்டி பிள்ளைகளை வதைக்கிறது, அதன் ஆதாயமோ பள்ளிகளின் விளம்பரப் பலகைகளுக்கே போகிறது என்பதால் ரேங்க் பட்டியல் நீக்கப்பட்டது. இரண்டாவது முடிவின் பின்னணி வேறு. பொதுத்தேர்வு இல்லாத பதினொன்றாம் வகுப்பைப் பல பள்ளிகள் ஒப்புக்கு நடத்தின. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தன. மாணவர் மதிப்பெண் பட்டியலில் பளிச்சிட்டார்; கல்லூரியின் முதல் பருவத்தில் அடிப்படைக் கருத்துகள் தெரியாமல் திணறினார். தேர்வில்லாத வகுப்பு பாடமில்லாத வகுப்பாகிவிட்டது. அதைச் சரிசெய்ய அரசு கண்ட வழி, அதற்கும் ஒரு தேர்வு வைப்பது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை மறுபடி நீக்கியது. எட்டு ஆண்டுகளில் ஒரு தேர்வு வந்தும் போயும்விட்டது. அது வந்தபோதும் சரி, போனபோதும் சரி, விவாதம் முழுவதும் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியே இருந்தது. ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே வகுப்பறையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி எழவே இல்லை.

மதிப்பெண்ணைவிடக் கற்றலே பெரிது என்று பள்ளி ஆண்டு விழாக்களில் சொல்லப்படாத மேடை கிடையாது. இதை யாரும் மறுப்பதில்லை. யாரும் மறுக்காத ஒரு கருத்து எதையும் மாற்றாமல் இருக்கிறது என்றால், அது போதிய துல்லியமாகச் சொல்லப்படவில்லை என்று பொருள். கற்றலின் போக்கை மதிப்பது என்பதற்கு இன்று மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. தேர்வுகளைக் குறைப்பது ஒன்று. செயல்திட்டம், ஒப்படைப்பு, வகுப்புப் பங்கேற்பு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கொடுப்பது இரண்டாவது. முயற்சியைப் பாராட்டுவது மூன்றாவது. இந்த மூன்றும் வெளிப்பூச்சு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு மாணவர் பாதி வழியில் செய்துவைத்திருக்கும் வேலைக்கு, அதிலுள்ள தவறோடு சேர்த்து, ஆசிரியரிடமிருந்து ஒரு பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மாணவர் அடுத்த அடி எடுத்துவைக்க முடிய வேண்டும். இது நடக்கும் இடத்தில்தான் கற்றலின் போக்கு மதிக்கப்படுகிறது. மாணவருக்குப் பாடத்தில் ஈடுபாடு பிறப்பதும் அங்கேதான். இது நடக்காத இடத்தில் தேர்வை வைத்தாலும் எடுத்தாலும் விளைவில் பெரிய மாற்றம் இராது.

ஒரு சிறிய கழித்தல் கணக்கைப் பார்ப்போம். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும், விடை 25. இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் சிவப்பு மையில் தப்புக் குறி விழுகிறது, இருவருக்கும் பூஜ்யம். ஆனால் இருவரும் 35க்கு வந்து சேர்ந்த வழி வேறு. முதல் பிள்ளை ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்று கண்டதும், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதியது. பத்தின் இடத்தில் 5இல் 2 போக 3. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12இல் 7 போக 5 என்று சரியாகவே போட்டது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மட்டும் மறந்து, 5இல் 2 போக 3 என்று எழுதிவிட்டது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. கட்டுகளையும் குச்சிகளையும் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நினைவூட்டல் போதும். விடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. “எப்படிப் போட்டாய், சொல்” என்று கேட்பவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்க நேரமில்லை என்றால் கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி 53 − 27 என்று கொடுத்தாலும் போதும்: முதல் பிள்ளை 34 என்றும் இரண்டாவது பிள்ளை 36 என்றும் எழுதும். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் கணக்குத் தவறுகளில் பலவும் கவனக்குறைவால் வருபவை அல்ல என்று காட்டியது. பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றுகிறது. அந்த விதிதான் தவறு. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால், பிள்ளை அதை நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ளும். அடுத்த கணக்கில் பழைய விதிக்கே திரும்பும்.

நம் பள்ளிகளின் ஏற்பாடு இந்தக் கண்டுபிடிப்புக்கு இடம் கொடுப்பதில்லை. ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்ற பிரிவினையே இதற்குச் சாட்சி. மாணவர் யோசித்ததும் அடித்ததும் திருத்தியதும் ரஃப் நோட்டில் இருக்கின்றன. ஆசிரியர் கையெழுத்திடுவதும், ஆய்வுக்கு வரும் அதிகாரி புரட்டிப் பார்ப்பதும் ஃபேர் நோட்டை. அதில் இருப்பது பெரும்பாலும் கரும்பலகையிலிருந்தோ கைடிலிருந்தோ எடுத்து எழுதிய சுத்தமான விடை. அதாவது மாணவரின் சிந்தனை பதிவான நோட்டைப் பள்ளி பார்ப்பதில்லை. பார்க்கும் நோட்டில் மாணவரின் சிந்தனை இல்லை. மேல் வகுப்புகளில் இது இன்னும் இறுகுகிறது. பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள், ஒரு மார்க் கேள்விகளின் தொகுப்பு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று முன்பெல்லாம் சொல்லிவந்த புளூ பிரிண்ட், தேர்ச்சிக்கு மட்டும் போதுமான பக்கங்களைக் கொண்டு மெல்லக் கற்போருக்கென அச்சடிக்கப்படும் கையேடு என்று எல்லாமே விடையிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்டவை. இந்தச் சூழலில் ஒரு மாணவர் ஆர்வமிழந்து உட்கார்ந்திருந்தால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. அவர் செய்யக்கூடிய வேலை என்று வகுப்பில் எதுவும் மிச்சமில்லை. கொடுக்கப்பட்டதைச் சேமித்து, உரிய நாளில் திருப்பிக் கொடுப்பது மட்டுமே அவர் பங்கு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதித்தொகுப்பு, பள்ளிகளுக்கான அரசு மானியத்தைப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு முடிச்சுப் போட்டது. வருகைக்காக ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. ஆய்வாளர் வந்து போகும் ஒரு நாளில் ஆண்டு முழுவதற்குமான வருமானம் முடிவாகிவிடும். கவிஞராக அறியப்பட்ட மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றினார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடமாகவே ஒப்பிக்கிறார்கள், உண்மையில் வாசிக்கத் தெரியாமலேயே வாசிப்புத் தேர்வில் தேறிவிடுகிறார்கள் என்று அவர் தம் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எச்சரித்தார். அங்கே அந்த முறை 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்குள் முடிவுக்கேற்ற மானியம் என்ற அதே கொள்கை கடல் தாண்டிச் சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்பல் இதையே ஒரு பொது விதியாக வகுத்தார்: ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கு முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கு அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த காரியமும் கெடும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இதை 2011இல் வெளியான அரசு விசாரணை மெய்ப்பித்தது. தேர்வு மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும் நெருக்கடியில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முறைகேட்டில் ஈடுபட்டிருந்ததாக விசாரணை கண்டது. மாணவர்கள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தார்கள். தவறு என்பது கற்பித்தலுக்கான தகவலாக இல்லாமல் மறைக்க வேண்டிய குற்றமாக மாறும்போது இது நடந்தே தீரும்.

முடிவின் மீதான கவனம் ஈடுபாட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை புகழ்பெற்றது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசுச் சான்று கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். ஆசையாகச் செய்த வேலை கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது, இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களின் விடைத்தாள்களை அவர் மூன்று விதமாகத் திருப்பிக் கொடுத்தார்: ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண் பெற்றவர்களில் முன்னணி மாணவர்களின் ஆர்வம் நிலைத்தது, பின்தங்கியவர்களின் ஆர்வம் சரிந்தது. இரண்டையும் பெற்ற குழுவின் நிலைதான் கவனிக்கத்தக்கது. அவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்களைப் போல முன்னேறவில்லை. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது. 1998இல் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து வந்தடைந்த முடிவும் இந்தத் திசையிலேயே இருந்தது: மாணவருக்குத் திரும்பிப் போகும் பயனுள்ள பதில்தான் கற்றலை உயர்த்துகிறது, பதில் இல்லாத மதிப்பீடு அதைச் செய்வதில்லை.

இந்த வெளிச்சத்தில் நம்முடைய சீர்திருத்தம் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2012-13இல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் நீண்டன. நோக்கம் குறை சொல்ல முடியாதது. மூன்று பருவங்களாகப் பிரிந்ததால் புத்தகச் சுமை குறைந்தது, ஆண்டுத் தேர்வின் பயம் தணிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. சிக்கல் அந்த 40இல்தான் இருந்தது. வளரறி மதிப்பீடு என்பது மாணவர் எங்கே நிற்கிறார் என்று ஆசிரியர் அறிந்து, மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதற்கான கருவி. அதற்கு மதிப்பெண் வைத்ததும் அது பதிவேட்டில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டமாகிவிட்டது. படங்களை வெட்டி ஒட்டிய செயல்திட்டங்களைக் கடைகளிலிருந்து வாங்கி ஒப்படைக்கும் வழக்கம் பரவியது. கற்றலின் போக்கை மதிக்க வந்த முறை, போக்குக்கும் விலை குறித்து அதையும் ஒரு முடிவாக்கிவிட்டது. வட இந்தியாவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹரியானாவில் சுமார் 500 பள்ளிகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், தொடர் மதிப்பீட்டு முறை அமலான பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் மாணவர் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வில், வகுப்பு எதுவானாலும் பிள்ளைகளை அவரவர் வாசிப்பு நிலைக்கேற்பக் குழுவாக்கி நாள்தோறும் கற்பித்த இன்னொரு திட்டம் இந்தி வாசிப்பில் தெளிவான முன்னேற்றம் தந்தது. பிள்ளையின் நிலையைப் பதிவேட்டில் எழுதிவைத்தது ஒரு திட்டம்; அந்த நிலைக்கு ஏற்பப் பாடம் நடத்தியது மற்றொன்று. பலன் எதற்கு என்பதில் சந்தேகமில்லை.

முயற்சியைப் பாராட்டுவது என்ற மூன்றாவது விளக்கத்தையும் சற்றுச் சோதிக்க வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், “நீ புத்திசாலி” என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான வேலையைத் தவிர்த்தார்கள், தோற்றபோது சோர்ந்தார்கள், தாம் எடுத்த மதிப்பெண்ணைப் பிறரிடம் சொல்லும்போது ஏறக்குறைய ஐந்தில் இருவர் கூட்டிச் சொன்னார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளிடம் இந்தப் போக்கு குறைவு. இதிலிருந்து வளர்ந்த, திறமை உழைப்பால் வளரும் என்ற மனநிலைக் கோட்பாடு இன்று ஆசிரியர் பயிற்சிகளில் முழக்கமாகிவிட்டது. ஆனால் முழக்கத்தின் பலன் எவ்வளவு? அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019இல் நேச்சர் இதழில் வெளியான பெரிய ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி நான்குக்கு 0.1 அளவே உயர்ந்தது. அதுவும், சவாலான வேலையை எடுத்துக்கொள்வதைச் சக மாணவர்கள் ஆதரித்த பள்ளிகளிலேயே பலன் துலங்கியது. இதைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிதாகக் கொண்டாடவும் இடமில்லை. 35 என்று எழுதிய பிள்ளையிடம் “நன்றாக முயற்சி செய்தாய்” என்று மட்டும் சொன்னால் அதற்கு ஒரு நல்ல சொல் கிடைத்திருக்கிறது, கழித்தல் கிடைக்கவில்லை. அடுத்த முறையும் அதே தவறு வரும்போது அந்தப் பாராட்டு வெறும் சமாதானம் என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். முயற்சிக்கு மரியாதை என்பது அந்த முயற்சி எங்கே வழி தவறியது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான்.

இங்கே கல்வி உளவியலாளர்கள் சிலர் வலுவான மறுப்பு ஒன்றை வைக்கிறார்கள். பிள்ளைகளைத் தாமாகவே கண்டுபிடிக்க விடுவது நேர விரயம். புதிதாகக் கற்பவரின் நினைவாற்றலுக்கு அது தாங்க முடியாத சுமை. தெளிவாக விளக்கிச் சொல்லிக் கற்பிப்பதே மேல் என்று பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதினார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் ஆசிரியர் ஒதுங்கி நின்றுவிடும் வகுப்பில் மிகவும் இழப்பவர், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைதான். ஆனால் விளக்கம் வேண்டுமா தேடல் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை; எது முதலில், எது பிறகு என்பதே கேள்வி. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மனு கபூர் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. மாணவர்களுக்குச் சூத்திரத்தைக் கற்பிக்கும் முன்பே அதற்கான சிக்கலைக் கொடுத்து, தம்மிடம் உள்ளதை வைத்து முயலச் சொன்னார். பெரும்பாலும் தோற்றார்கள். அதன் பிறகு ஆசிரியர் அவர்களுடைய அரைகுறைத் தீர்வுகளையே எடுத்து ஒப்பிட்டு, சரியான முறையைத் தெளிவாகக் கற்பித்தார். முதலிலேயே விளக்கம் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், வழக்கமான கணக்குகளை இவர்களும் அதே அளவுக்குச் செய்தார்கள். கருத்தைப் புரிந்துகொள்வதிலும் புதிய சூழலில் பயன்படுத்துவதிலும் முன்னால் நின்றார்கள். 2021இல் வெளியான தொகுப்பாய்வும் இந்தப் போக்கை உறுதி செய்தது. அதே சமயம், சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பலன் தெரியவில்லை என்றும் காட்டியது. ஆகவே இதை எல்லா வயதுக்கும் பொருந்தும் சூத்திரமாக்கக் கூடாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது: அந்தத் தோல்வி பயனளித்தது, அதைத் தொடர்ந்து ஆசிரியரின் விளக்கம் வந்ததால்தான். பதில் வராத தோல்வி வெறும் தோல்வியாகவே நின்றுவிடும்.

இன்னொரு மறுப்பு சமூகநீதியின் பக்கத்திலிருந்து வருகிறது; தமிழ்நாட்டில் அதைக் கேளாமல் கடந்துபோக முடியாது. பெயரும் சாதியும் தெரியாத ஒருவர் திருத்தும் விடைத்தாள்தான் ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே நடுநிலையான வாசல் என்பது அந்த வாதம். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற வசதியில்லாத கிராமப்புற மாணவர்களுக்காகவே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்கல்விச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படைக்கு மாற்றப்பட்டது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்த பிறகு தமிழ்நாடு எழுப்பிவரும் எதிர்ப்பின் அடிப்படையும் இதுவே. போக்கை மதிப்பிடுகிறோம் என்று ஆசிரியரின் கையில் மதிப்பெண்ணை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் கற்பனையானதல்ல. ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் செய்து 2012இல் வெளியிட்ட சோதனையில், விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரே தரமான தாள், ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்டபோது சராசரியாகக் குறைவான மதிப்பெண் பெற்றது. வேறுபாட்டின் அளவு சிறியதுதான். ஆனால் சேர்க்கைப் பட்டியலில் அரை மதிப்பெண்ணே ஒருவரின் தலைவிதியை மாற்றக்கூடியது. எனவே வாசலில் நிற்கும் தேர்வு பெயர் மறைத்த பொதுத்தேர்வாகவே இருக்கட்டும். இக்கட்டுரையின் வாதம் அதற்கு எதிரானதல்ல. உண்மையில் அதற்குத் துணையானது. போக்கு என்பது மதிப்பெண்ணாக மாறக் கூடாது என்றுதான் முன்பே பார்த்தோம். ஆசிரியரின் அன்றாடப் பதிலில் மதிப்பெண் இல்லாதபோது, அங்கே பாரபட்சம் முற்றிலும் ஒழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது மாணவரின் சான்றிதழில் ஏறி எதிர்காலத்தைத் தீர்மானிக்காது.

வாசல் தேர்வு அப்படியே இருக்கும்வரை வகுப்பறை மாறாது என்று இதற்குப் பதில் சொல்லலாம். சிங்கப்பூர் இதற்குப் பாடமாகிறது. அங்கே 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் சேரும் தேர்வுகள் நீக்கப்பட்டன. மதிப்பேட்டில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று குறிப்பிடுவதும் நின்றது. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் விடைபெற்றன. ஆனால் உயர்நிலைப் பள்ளியைத் தீர்மானிக்கும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு, மதிப்பிடும் முறை மட்டும் மாறி, நீடிக்கிறது. குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்காக ஓராண்டில் செலவிட்ட தொகை 2017-18 கணக்கெடுப்பில் 140 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 2023 கணக்கெடுப்பில் அது 180 கோடி வெள்ளி. பள்ளி அழுத்தத்தைக் குறைத்தது, டியூஷன் அந்த இடத்தை நிரப்பியது. தேர்வுகளைக் குறைப்பதால் மட்டும் பெற்றோரின் பயம் தணியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பதினொன்றாம் வகுப்பு அனுபவம் காட்டியதுபோல, தேர்வைச் சேர்ப்பதால் மட்டும் கற்பித்தலும் வந்துவிடாது. வாசல் தேர்வின் வினாத்தாள் எதைக் கேட்கிறது என்பதில்தான் அரசு செய்யக்கூடிய மாற்றம் இருக்கிறது. புத்தகத்தின் பின்னால் உள்ள வினாவை அப்படியே கேட்கும் தாள் மனப்பாடத்தை வளர்க்கும். இரண்டு விடைகளைக் கொடுத்து எது தவறு, ஏன் என்று கேட்கும் தாள், வகுப்பில் தவறுகளைப் பற்றிப் பேசிய ஆசிரியருக்குப் பலன் தரும்.

தேர்வு என்ற கருவியையே பகையாகப் பார்ப்பதும் பிழை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடனடி விளைவைப் பார்ப்பவருக்குப் படித்துக்கொண்டே இருப்பது லாபம் போலத் தெரியும். நீடித்த கற்றலுக்கோ நினைவைத் துழாவும் அந்தத் திணறல்தான் உதவுகிறது. ஆகவே அடிக்கடி, சிறிய அளவில், பதிவேட்டில் ஏறாத தேர்வுகள் கற்றலின் போக்கிலேயே ஓர் அங்கம். 53 − 27 போல, பிள்ளையின் தவறான விதியை வெளியே இழுக்கும் வினா ஒன்று இருபது வழக்கமான வினாக்களைவிட ஆசிரியருக்கு அதிகம் சொல்லும். நம் பள்ளிகளில் தேர்வுகளுக்குப் பஞ்சமில்லை; அலகுத் தேர்வு, இடைப்பருவத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று வரிசையாக வருகின்றன. தாள் திருத்தப்பட்டு, மதிப்பெண் வாசிக்கப்பட்டதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதன் வேலை தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடித்து, பதிவேடுகளையும் நிரப்பும் ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் தவறையும் துருவ நேரம் ஏது என்பது கடைசி மறுப்பு. நடைமுறையில் இதுவே மிகக் கனமானது. நேரம் எங்கிருந்தோ வராது. வேறு வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஃபேர் நோட்டுகளுக்குக் கையெழுத்திடும் நேரம், வளரறி மதிப்பெண்ணைக் கட்டங்களில் நிரப்பும் நேரம், அதே தகவலைச் செயலியில் மறுபடி ஏற்றும் நேரம் ஆகியவை மாணவரின் கற்றலுக்கு எதுவும் சேர்ப்பதில்லை. இவற்றில் பாதியை விடுவித்தாலே போதும். மேலும் ஐம்பது பிள்ளைகளுக்கு ஐம்பது வகைத் தவறு இருப்பதில்லை. ஒரு பாடத்தில் பெரும்பாலான பிழைகள் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பாடம் முடியும்போது ஒரு வினா, துண்டுத்தாளில் விடை, அதை வகை பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம், மறுநாள் அதிகம் பேர் செய்த தவறு ஒன்றை, யாருடையது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதி “இவர் எப்படி யோசித்திருப்பார்?” என்று வகுப்பையே கேட்பது என்ற அளவில் தொடங்கலாம். தவறு செய்தவர் கூனிக் குறுகத் தேவையில்லை. சரியாகப் போட்டவரும் ஏன் சரி என்று விளக்க வேண்டியிருக்கும். இதுவரை கடைசி பெஞ்சில் பார்வையாளராக இருந்த மாணவருக்கு வகுப்பில் முதன்முறையாக ஒரு வேலை கிடைக்கிறது. ஈடுபாடு என்று நாம் தேடுவது இதைத்தான்.

இவற்றிலிருந்து அரசுக்கும் பள்ளிக்கும் பெற்றோருக்கும் சில கோரிக்கைகள் எழுகின்றன. வளரறி மதிப்பீட்டிலிருந்து மதிப்பெண்ணை முழுமையாக நீக்கி, அதை ஆசிரியரின் பயன்பாட்டுக்கு மட்டுமான கருவியாக அரசு விட்டுவிட வேண்டும். பொதுத்தேர்வைப் பெயர் மறைத்ததாகவே வைத்துக்கொண்டு, வினாத்தாளைப் புத்தகப் பின்பக்கத்திலிருந்து விடுவிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஃபேர் நோட்டைக் கேட்பதற்குப் பதிலாக ரஃப் நோட்டைக் கேட்க வேண்டும். அதில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா, அதற்கு ஆசிரியரின் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றோர், பிள்ளை கொண்டுவரும் விடைத்தாளில் மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், தவறிய ஒரு கணக்கைக் காட்டி அது எங்கே தவறியது என்று கேட்க வேண்டும். பிள்ளையால் அதைச் சொல்ல முடிந்தால் அந்தப் பள்ளி கற்பிக்கிறது. சொல்ல முடியாவிட்டால், நூற்றுக்கு எவ்வளவு வாங்கியிருந்தாலும், அந்தப் பள்ளி கற்பிக்கத் தொடங்கவில்லை.